இடது காலின் அளவு

தர்மபுரி
3 செப்டம்பர் 1986

செசிலிக்கு,

உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது. அதனால் எழுதுகிறேன். ஏழு வருடம் எழுதாமல் இருந்ததற்கு இதில் விளக்கம் எதிர்பார்க்காதே. சவுரியின் அப்பா இறந்தபோது என் ஒரே தங்கையிடமிருந்து வந்தது அச்சடித்த ஓர் அட்டை. அதைப் பற்றி மேலும் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

என் மகன் சவுரியப்பனுக்கு இப்போது இருபத்து நான்கு வயது. கூட்டுறவு வங்கியில் எழுத்தர். சைக்கிள் பந்தயங்களில் ஓட்டுகிறான். வருகிற பிப்ரவரி எட்டாம் தேதி மாநில அணிக்கான தேர்வுப் பந்தயம் தர்மபுரியிலேயே நடக்கிறது. இங்கிருந்து கிளம்பித் தொப்பூர்க் கணவாயில் இறங்கி, அதே வழியில் ஏறித் திரும்ப வேண்டும். லாரிகள் போகிற சாலை. வேண்டாம் என்றேன். எப்படியும் ஓட்டுவேன் என்கிறான்.

இங்கே பந்தய சைக்கிளில் காலைத் தோல் வாரால் பெடலோடு கட்டிக்கொள்கிறார்கள். குனிந்து கையால் தளர்த்தினால்தான் கால் வெளியே வரும். உங்கள் நாட்டில் இப்போது வார் இல்லாத பெடல் வந்திருக்கிறதாம். ஷூவின் அடியில் ஒரு கட்டை இருக்கும், அது பெடலில் பூட்டிக்கொள்ளும், குதிகாலைத் திருப்பினால் விட்டுவிடும். ஏதோ பத்திரிகையில் வந்த படத்தை வெட்டிச் சவுரி தன் அறைக் கண்ணாடியின் ஓரத்தில் செருகி வைத்திருக்கிறான். வாங்கித் தரச் சொல்லி என்னிடம் கேட்கவில்லை. கேட்கும் பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது.

நீ இருப்பது சைக்கிள் செய்கிற ஊர் என்று முன்பு எழுதியிருக்கிறாய். அந்தப் பெடல் ஒரு ஜோடியும் அதற்கேற்ற ஷூ ஒரு ஜோடியும் பந்தயத்துக்கு முன் வந்து சேர வேண்டும். வலது பாதத்தைத் தாளில் வரைந்து வைத்திருக்கிறேன். இடதும் அதே அளவுதான்.

லூர்துமேரி


சேந்த் எத்தியென், பிரான்சு
21 செப்டம்பர் 1986

அன்புள்ள அக்காவுக்கு,

உறையில் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். மடத்தின் சலவை அறையில் உட்கார்ந்து பிரித்தேன். பெடல் என்று எழுதியிருந்தது. மறுபடி படித்தேன். அப்போதும் பெடல்தான்.

என் தமிழில் தவறு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இருபத்தெட்டு வருடமாக இங்கே தமிழில் பேச ஆளில்லை, துவைக்கிற துணிகளோடு பேசுகிறேன்.

அந்த அட்டையைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த வாரம் மடத்தில் எனக்குக் கிடைத்த அனுமதி அது ஒன்றுக்குத்தான். அதன்பின் நான் எழுதிய மூன்று கடிதங்களையும் நீங்கள் பிரிக்காமல் திருப்பி அனுப்பினீர்கள். மூன்றும் என் அலமாரியில் இருக்கின்றன.

வியாழக்கிழமை மருந்து வாங்கப் போன வழியில் முசே வெர்னே என்பவரின் சைக்கிள் கடைக்குள் நுழைந்தேன். முசே என்றால் இங்கே ஐயா மாதிரி. முக்காடு போட்ட கறுத்த கிழவி ஒருத்தி பந்தயப் பெடல் கேட்டதும் அவர் வாயிலிருந்த பென்சில் விழுந்துவிட்டது. என் அக்கா மகனுக்கு என்றேன். சாலைப் பந்தயமா, மைதானப் பந்தயமா, எத்தனை கிலோமீட்டர், நடக்கும்போது பையனின் பாதம் உள்பக்கம் பார்க்குமா வெளிப்பக்கம் பார்க்குமா என்று வரிசையாகக் கேட்டார். ஒன்றுக்கும் பதில் தெரியவில்லை. சவுரியை நான் ஒரே ஒரு ஞானஸ்நானப் போட்டோவில்தான் பார்த்திருக்கிறேன், அதில் பாதம் துணிக்குள் இருக்கிறது.

நீங்கள் வரைந்த தாளை மேசையில் விரித்து, “இன்னொரு கால் எங்கே?” என்றார். அதே அளவு என்றேன். முப்பது வருடமாக ஷூ விற்கிறேன், இரண்டு காலும் ஒரே அளவில் இருக்கிற மனிதனை இன்னும் பார்க்கவில்லை என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை அக்கா. நம் போர்டிங்கில் ஜூன் மாதம் ஷூவுக்கு அளவெடுப்பார்களே, நினைவிருக்கிறதா? தாளை மிச்சம் பிடிக்க மதர் எல்லாருக்கும் வலது காலை மட்டும் வரைவார். இடது கால் வலது காலைப் பார்த்து நடந்துகொள்ளும் என்பார். என் இடது கால் பெரியது. ஆறு வருடம் நொண்டினேன். இரண்டு தடவை நகம் விழுந்தது. உங்களிடம் காட்டினேன். “எல்லாருக்கும் ரெண்டு காலும் ஒண்ணுதான், சத்தம் போடாதே” என்றீர்கள்.

இரண்டு பாதத்தையும் வரைந்து அனுப்புங்கள். சாயங்காலம் வரைய வேண்டுமாம், காலையில் பாதம் சிறுத்திருக்குமாம்.

செசிலி


தர்மபுரி
7 அக்டோபர் 1986

செசிலிக்கு,

இடதும் அதே அளவு என்று எழுதியிருந்தேன். நான் ஒரு முறை எழுதினால் போதும்.

ஐம்பது வருடத்துக்கு முந்தைய ஷூக்களை இப்போது எதற்கு எடுக்கிறாய் என்று தெரியவில்லை. நானும் அதே ஷூக்களைத்தான் போட்டேன்.

சவுரியின் சைக்கிளைப் பார்த்துக்கொள்கிற அப்துல் சுபானிடம் விசாரித்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கடை வைத்திருக்கிறார். தன் தொழில் தெரிந்தவர். “பிரெஞ்சுக்காரன் மரை வேற, இங்கிலீசுக்காரன் மரை வேறங்கம்மா. பெடல மாட்டற நம்ம கிராங்க்ல பிரெஞ்சு மரை ஏறாது. அத மட்டும் கேட்டு எழுதுங்க” என்றார். குறித்துக்கொள். அதோடு நிறுத்தாமல், காலைக் கட்டாமல் ஓட்டுவதும் ஒரு ஓட்டமா என்று கேட்டார். அதை நான் எடுத்துக்கொள்ளவில்லை.

உன் கடைக்காரரிடம் நான் கேட்கச் சொல்வது ஒன்றுதான். கீழே விழும்போது பெடல் தானாகக் காலை விடுமா, குதிகாலைத் திருப்பினால்தான் விடுமா? விழுகிறவனுக்குத் திருப்ப நேரம் இருக்காது. இதற்குத் தெளிவாகப் பதில் வாங்கி எழுது. மற்றதெல்லாம் பிறகு.

நேற்று விடிந்ததும் தொப்பூர் வரை ஓட்டிப் பழகிவிட்டு வருகிறேன் என்று போனான். வார் கட்டிக்கொண்டுதான். எட்டரைக்கு வர வேண்டியவன் ஒன்பதே காலுக்கு வந்தான். டயர் பஞ்சராம். அதுவரை அடுப்பில் வைத்த பாலை நான் இறக்கவில்லை.

லூர்துமேரி


சேந்த் எத்தியென்
26 அக்டோபர் 1986

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் பாலைத் தீய விட்டீர்கள் என்பதை மூன்று முறை படித்தேன். நான் அறிந்த லூர்துமேரி பாலைத் தீய விடுகிறவர் இல்லை.

உங்கள் கேள்வியை முசே வெர்னேயிடம் கேட்டேன். வாயால் சொல்வதைவிட நீங்களே பாருங்கள் என்று கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டு, ஸ்டாண்டில் மாட்டிய சைக்கிளில் என்னை ஏற்றினார். ஐம்பத்தொன்பது வயதில், அங்கியைச் சுருட்டிக்கொண்டு ஏறினேன். மதர் சுப்பீரியருக்குத் தெரியாது, உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன்.

முதலில் என் வலது காலுக்குச் சரியான ஷூ. பெடலில் மிதித்ததும் டக்கென்று பூட்டிக்கொண்டது. குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினேன், விட்டது. பெடலின் பின்புறம் சின்னத் திருகு ஒன்று இருக்கிறது. அதைத் தளர்த்தி வைத்தால், விழும்போது சைக்கிள் ஒரு பக்கமும் ஆள் ஒரு பக்கமும் போகிற இழுப்பிலேயே அநேகமாகக் கால் கழன்றுவிடுமாம். உங்கள் கேள்விக்கு இதுதான் பதில்.

ஆனால் அதோடு அவர் என்னை இறக்கவில்லை. கால் அளவைவிடப் பெரிய ஷூ ஒன்றைப் போட்டு, நுனியில் துணியை அடைத்து, “இப்போது திருப்புங்கள்” என்றார். திருப்பினேன். என் பாதம் ஷூவுக்குள் திரும்பியது. ஷூ அசையவில்லை. மறுபடி திருப்பினேன். வரவில்லை. அக்கா, நான் நின்றுகொண்டிருந்த சைக்கிளில்தான் இருந்தேன், ஆனாலும் எனக்கு வேர்த்துவிட்டது. அவர் கையால் பிடித்துக் கழற்ற வேண்டியிருந்தது.

“ஷூ தளர்வாக இருந்தால் இது வாரைவிட மோசம். வாரையாவது கையால் அவிழ்க்கலாம்” என்றார்.

ஆகவே இடது காலின் அளவு வராமல் நான் எதையும் வாங்கப் போவதில்லை. கோபித்துக்கொள்ளுங்கள், கடிதத்தைத் திருப்பி அனுப்புங்கள். நீங்கள் எதையோ மறைக்கிறீர்கள். இரண்டு கடிதத்திலும் ‘இடதும் அதே அளவு’ என்ற இடத்தில் மட்டும் பேனா தாளைக் கிழித்திருக்கிறது.

செசிலி


தர்மபுரி
10 நவம்பர் 1986

செசிலிக்கு,

இத்துடன் இரண்டு பாதங்களும் இருக்கின்றன. சாயங்காலம் ஆறு மணிக்கு வரைந்தது. வலது இருபத்தாறு சென்டிமீட்டர். இடது இருபத்து நான்கே முக்கால்.

இடது காலில் பெருவிரலும் அடுத்த விரலும் இல்லை. ஷூ நுனியில் துணி அடைத்துக்கொண்டுதான் ஓட்டுகிறான். உன் கடைக்காரர் உனக்குக் காட்டியதைப் படித்த பிறகுதான் தாளையும் பென்சிலையும் எடுத்தேன்.

இதை ஒரு முறைதான் எழுதுவேன்.

1983 மார்ச் ஆறாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, மாவட்டப் பந்தயம். இதே சாலைதான். முதல் பூசை முடிந்து அவனோடு நானும் போனேன். எல்லோரும் வரிசையில் நின்றிருந்தார்கள். சவுரியின் வார் தொளதொளவென்று கிடந்தது. எதையும் அரைகுறையாக விட்டால் எனக்குப் பொறுக்காது, உனக்குத் தெரியும். முன் சக்கரத்துக்கு எதிரே போய், அத்தனை பேர் பார்க்க, குனிந்து அவனுடைய இடது வாரைப் பிடித்துக் கடைசித் துளை வரைக்கும் இழுத்துக் கட்டினேன். “இதையே ஒழுங்கா கட்டத் தெரியாதவன் பந்தயத்துல என்ன கிழிக்கப் போறே” என்றேன். பக்கத்துப் பையன்கள் சிரித்தார்கள்.

கணவாய் இறக்கத்தில் இரண்டு சைக்கிள்கள் உரசி ஐந்து பேர் விழுந்தார்கள். மற்ற நான்கு பேரும் இறக்கத்துக்கு முன்பே வாரைத் தளர்த்தியிருந்தார்கள், உருண்டு ஓரத்துக்குப் போய்விட்டார்கள். சவுரியின் இடது கால் வரவில்லை. பின்னால் வந்த லாரி நின்றது. ஆனால் பெடலைத் தாண்டி நின்றது.

சேலத்தில் விரல்களை எடுத்தார்கள். அவன் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நாங்கள் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. வீட்டுக்குள்ளும் காலுறை போட்டுக்கொண்டே நடக்கிறான். நான் பார்க்கக் கூடாது என்றுதான் அப்படிச் செய்கிறான் என்று எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை தாளைத் தரையில் விரித்துவிட்டு இடது காலையும் வை என்றேன். “இதுக்கெல்லாம் எதுக்கும்மா அளவு, துணி வெச்சுக்கறேன்” என்றான். வை என்றேன். காலுறையைக் கழற்றினான். மூன்றரை வருடத்துக்குப் பிறகு அந்தப் பாதத்தைப் பார்த்தேன். பென்சிலை நேராகப் பிடித்துத்தான் வரைந்தேன். கோட்டில் ஓரிடத்தில் நடுக்கம் இருக்கிறது, அந்த இடத்தை மட்டும் கொஞ்சம் தாராளமாக வைத்துக்கொள்ளச் சொல்.

லூர்துமேரி


சேந்த் எத்தியென்
1 டிசம்பர் 1986

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வந்து ஒரு வாரமாகிறது. நான்கு பதில் எழுதிக் கிழித்தேன். ஆறுதல் சொன்னால் உங்களுக்குப் பிடிக்காது. மன்னிப்பு கொடுக்கிற வேலை என்னுடையது இல்லை. அதனால் வாங்கியதைப் பற்றி எழுதுகிறேன்.

முசே வெர்னே இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். இங்கே ஷூவை ஒற்றையாக விற்பதில்லை. வலதுக்கு நாற்பத்தொன்றும் இடதுக்கு முப்பத்தொன்பதும் வேண்டுமென்றால் இரண்டு ஜோடி எடுக்க வேண்டும். நான் மடத்தில் சேர்ந்து இந்த மாதத்தோடு நாற்பது வருடம். ஜூபிலி கொண்டாடுகிற சிஸ்டர் ஏதாவது ஒன்று கேட்டு வாங்கிக்கொள்ளலாம். போன வருடம் ஒருவர் லூர்து நகர யாத்திரை கேட்டார். நான் சைக்கிள் ஷூ இரண்டு ஜோடி கேட்டேன். மதர் சுப்பீரியர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி சொல்லச் சொன்னார்.

லேஸ் வைத்தது வேண்டாம், சங்கிலியில் சிக்கும் என்றார் முசே வெர்னே. இழுத்து ஒட்டுகிற பட்டை வைத்ததை எடுத்தோம். அடிப்பாகம் பலகை மாதிரி வளையாமல் இருக்கும். விரல் இல்லாத காலுக்கு அதுதான் நல்லதாம், மிதிக்கிற பாரம் பாதம் முழுக்கப் பரவுமாம். உங்கள் கோட்டைப் பார்த்தே இடது பாதம் சற்று வெளிப்பக்கம் பார்க்கிறது என்று கண்டுபிடித்து, அதற்குத் தகுந்தபடி அடிக்கட்டையைச் சாய்த்து மூன்று திருகாலும் முடுக்கிவிட்டார். யாரும் அதில் கை வைக்கக் கூடாது. பெடல் இங்கிலீசு மரைதான், அப்துல் சுபானிடம் சொல்லுங்கள்.

இங்கே வேறு நகரில் படிக்க வந்திருக்கும் சேலம் மறைமாவட்டச் சாமியார் ஒருவர் ஜனவரியில் ஊர் திரும்புகிறார். பொட்டலத்தை அவரிடம் கொடுத்திருக்கிறேன். சென்னையிலிருந்து சேலத்துக்கு ரயிலில் போகும்போது பொம்மிடி ஸ்டேஷனில் உங்களிடம் தருவார். நாளும் நேரமும் அவரே தந்தி கொடுப்பார்.

இப்போது ஒரே ஒரு கேள்வி. என்னிடம் எழுதியதைச் சவுரியிடம் சொன்னீர்களா? இல்லையென்றால் ஏன் எனக்கு மட்டும்? நான் ஐயாயிரம் மைல் தள்ளி இருக்கிறேன். அவன் பக்கத்து அறையில் இருக்கிறான்.

மிச்சமான இரண்டு ஷூக்களும் என் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன. யாருக்குக் கொடுப்பது என்று தெரியவில்லை.

செசிலி


தர்மபுரி
12 பிப்ரவரி 1987

செசிலிக்கு,

பொட்டலம் ஜனவரி ஒன்பதாம் தேதி பகல் பதினொன்றரைக்குப் பொம்மிடியில் கிடைத்தது. ரயில் இரண்டு நிமிடம் நின்றது. சாமியார் ஜன்னல் வழியாக நீட்டினார். ரயில் நகர்ந்த பிறகுதான் அவருக்கு நன்றி சொல்லவில்லை என்பது நினைவு வந்தது. நீ எழுதும்போது சொல்.

சவுரி பொட்டலத்தைப் பிரித்தான். இடது ஷூவைப் போட்டு எழுந்து நின்றான். “துணி வேண்டாம்மா” என்றான். அவ்வளவுதான்.

முதல் நான்கு நாளில் ஆறு முறை விழுந்தான். ஓடும்போது இல்லை, நிற்கும்போது. குதிகாலைத் திருப்ப மறந்துவிட்டுக் வாசல் கேட் அருகே நிற்பான், அப்படியே சாய்ந்து விழுவான். பால் ஊற்ற வந்த கோவிந்தம்மாள் பார்த்துவிட்டு, “ஏனுங்க, நின்ன எடத்துலயே வுழுவறாரு? எங்கூட்டுக் கன்னுக்குட்டி ரெண்டு நாள்ல நின்னுக்கிச்சுங்க” என்றாள். அவன் சிரித்தான். இந்த வீட்டில் அவன் சிரித்து நாளாயிற்று. ஒவ்வொரு முறையும் கால் கழன்றதா என்று நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். கழன்றது.

உன் கேள்விக்குப் பதில், நான் சொல்லவில்லை. தினமும் சொல்ல நினைத்தேன். பந்தய நாள் வந்துவிட்டது.

நாற்பத்தொரு பேர். நான் இந்த முறை தள்ளி, அப்துல் சுபான் பக்கத்தில் நின்றேன். சவுரி வலது காலைப் பூட்டினான், டக்கென்று சத்தம் கேட்டது. இடது காலைத் தரையில் ஊன்றி நின்றான். வரிசையைப் பார்த்தேன். எல்லோருமே அப்படித்தான் நின்றிருந்தார்கள், வலது கால் பெடலில், இடது கால் தரையில். விசில் ஊதியதும் உந்தித் தள்ளிக்கொண்டு போய், பத்தடி தாண்டித்தான் இடது காலைப் பெடலில் ஏற்றினார்கள்.

செசிலி, தரையில் இருக்கிற காலுக்கு நான் எப்படி வார் கட்டியிருக்க முடியும்?

அவனுக்கு எதிரே நின்று குனிந்த எனக்கு இடப்பக்கமாக இருந்தது அவனுடைய வலது கால். இத்தனை வருடம் இந்தக் கணக்கு எனக்குத் தோன்றவில்லை. நான் தப்பாக நினைத்திருப்பேன் என்றே தோன்றவில்லை.

இரண்டே கால் மணி நேரம் கழித்து மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவன், கணவாயில் நான்கு பேர் விழுந்துவிட்டார்கள் என்றான். பெயர் கேட்டேன், தெரியாது என்றான். அப்துல் சுபான் எனக்கு நாற்காலி கொண்டுவந்தார். நான் உட்காரவில்லை. முதல் ஆள் வந்தான். நான்காவது, ஐந்தாவது. எட்டாவது ஆளுக்குப் பிறகு சாலை காலியாகக் கிடந்தது. பிறகு அவன் வந்தான். முழங்கையில் தோல் உரிந்திருந்தது, சட்டை கிழிந்திருந்தது. என் கண் காலுக்குத்தான் போயிற்று. இரண்டு ஷூவும் இருந்தன, இரண்டும் மிதித்துக்கொண்டிருந்தன.

ஒன்பதாவது. ஆறு பேரைத்தான் எடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்து முழங்கைக்கு மருந்து போடும்போது கேட்டேன். அன்றைக்கு நான் கட்டியது எந்தக் கால் என்று. அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு சொன்னான்.

“சோத்தாங்கால்தாம்மா. பீச்சாங்கால் தரையில இருந்துச்சு. கெளம்பினப்புறம் ஏத்தி இறுக்குனது நான்தான். எறக்கத்துல தளத்த மறந்துட்டேன். அதுக்குத்தான் நீங்க இத்தன வருசமா எங்கூடக் காலப் பத்திப் பேசாம இருக்கறீங்கன்னு நெனச்சேன்.”

ஏன் சொல்லவில்லை என்றேன்.

“நீங்க கேக்கவே இல்லீங்களே.”

நான் எல்லோர் முன்னாலும் திட்டியதால்தான் இடதையும் அப்படி இறுக்கினாயா என்று கேட்டேன். “ஓட்டறவன் எல்லாருந்தான் இறுக்குவான்” என்றான். அது நான் கேட்டதற்குப் பதில் இல்லை. நீயும் கவனித்திருப்பாய். அதை நான் வைத்துக்கொள்கிறேன்.

அடுத்த வருடமும் ஓட்டுவானாம். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. இப்போது வீட்டில் காலுறை இல்லாமல் நடக்கிறான்.

உன் கட்டிலுக்கு அடியில் மிச்சம் இருப்பது இடது நாற்பத்தொன்று, வலது முப்பத்தொன்பது. போர்டிங்கில் ஞாயிற்றுக்கிழமைகளில் உன் இடது கால் புண்ணுக்கு மருந்து போட்டது நான். அது பெரிய கால் என்று எனக்கு அப்போதே தெரியும். மதரிடம் போய்ச் சொல்லத் தைரியம் இல்லாமல் உன்னைச் சத்தம் போடாதே என்றேன்.

அடியில் இருக்கிற கட்டையைக் கழற்றிவிட்டு, கம்பளிக் காலுறையோடு போட்டுப் பார். பொருந்துகிறதா என்று எழுது. ஒவ்வொரு காலுக்கும் தனியாக எழுது. அலமாரியில் இருக்கிற மூன்று கடிதங்களையும் அதே உறையில் வை.

அக்கா